தனி ஆளாக ஹார்ட்டாப் கழற்ற கராஜ் ஹாய்ஸ்ட்: எந்த வகை, எங்கே மாட்டுவது?

நீலமியாட்டா
வணக்கம். கார் மாஸ்டா எம்எக்ஸ்-5, என்பி (இரண்டாம் தலைமுறை) மாடல், கம்பெனி ஹார்ட்டாப் (கழற்றி மாட்டும் கெட்டிக் கூரை). குளிர்காலம் முழுக்க மேலே இருக்கும். ஏப்ரல் கடைசியில் கழற்றி அக்டோபரில் திரும்ப மாட்ட வேண்டும். இடம் டொராண்டோ பக்கம், ஒற்றைக் கார் கராஜ். தரையிலிருந்து சீலிங் 2.44 மீட்டர். மேலே அறை இல்லை, ட்ரஸ் (முக்கோண மரச்சட்டம்) கூரை. 2×4 எனப்படும் (38×89 மி.மீ.) கட்டைகள் 61 செ.மீ. இடைவெளியில், அடியில் ட்ரைவால் (ஜிப்சம் பலகை). கதவு பலகை பலகையாக ஏறி சீலிங்குக்கு அடியில் படுக்கும் வகை, மோட்டார் ரெயில் நடுவில் ஓடுகிறது.

மூன்று வகை பார்த்து வைத்திருக்கிறேன்: நாலு முனைக் கயிறு-கப்பி செட், சுவரில் மாட்டும் கை வின்ச் (கைப்பிடி சுற்றினால் டிரம்மில் கயிறு சுருளும் கருவி), 100/200 கிலோ என்று போட்டு விற்கும் மின் ஹாய்ஸ்ட் (மோட்டாரில் தூக்கும் கருவி). ஒரே ஆள்தான் வேலை செய்ய வேண்டும். கழற்றிய டாப் கோடை முழுக்க மேலேயே தொங்க வேண்டும். எதை எடுக்கலாம்?

கப்பிக்கயிறு
எந்த மோட்டார், எந்த வின்ச் என்பதை அப்புறம் பார்க்கலாம். முதல் கேள்வி, ஒரு முனையில் தூக்கப்போகிறீர்களா, நாலு முனையிலா? உங்கள் காருக்கு நாலு முனைதான். காரணம் எடை இல்லை. எம்எக்ஸ்-5 டாப் 20 கிலோ சுற்றித்தான் வரும், எந்த ஹாய்ஸ்டும் தூக்கிவிடும். பிரச்சினை சுழற்சியும் பக்கவாட்டு அழுத்தமும்.

ஒரே கொக்கியில் தொங்கும் டாப் தன்னிஷ்டத்துக்குத் திரும்பும். கண்ணாடி பின்னால் இருப்பதால் எடையும் பின்னால்தான் அதிகம். கொக்கி நடுவில் இருந்தால் முன்பக்கம் எகிறி, பின்விளிம்பு பெயின்ட்டில் உரசும். தனி ஆளாக இருக்கும்போது இரண்டு மூலையைப் பிடிக்கத்தான் கை உண்டு, மற்ற இரண்டு காரின் மேல் இருக்கும்.

பக்கவாட்டு அழுத்தத்துக்குக் கணக்கு பாருங்கள். 35 கிலோ டாப்பை ஒரே கொக்கியிலிருந்து இறங்கும் இரண்டு பட்டைகள் தூக்குகின்றன என்று வைப்போம். பட்டை கிடைமட்டத்துக்கு 60 டிகிரியில் இருந்தால் ஒவ்வொன்றிலும் இழுவை 20 கிலோ, டாப்பின் விளிம்பை உள்நோக்கி நெருக்கும் விசை 10 கிலோ. சீலிங் தாழ்வாக இருப்பதால் பட்டை படுத்து 30 டிகிரிக்கு வந்துவிட்டால் இழுவை 35 கிலோ, நெருக்கும் விசை 30 கிலோ. அதே டாப், அதே எடைதான். 2.44 மீட்டர் சீலிங்கில் பட்டை படுக்காமல் இருக்க இடமே கிடையாது. ஒற்றைக் கொக்கி வேண்டும் என்றால் டாப்பின் அகலத்துக்குக் குறுக்காக ஒரு குழாய் வைத்து, அதன் இரு முனையிலிருந்தும் பட்டையை நேராகக் கீழே இறக்க வேண்டும். அந்தக் குழாயும் உயரத்தைத் தின்னும்.

நாலு கப்பி நாலு மூலைக்கு நேர் மேலே இருந்தால் எல்லாக் கயிறும் செங்குத்து. நெருக்கும் விசை என்பதே இல்லை, டாப் சுழலவும் சுழலாது.

மூன்றாம்கியர்
நாலு முனைக்கு என் ஓட்டும். ஆனால் சுவரில் வின்ச் என்றால் படகு டிரெய்லருக்குப் போடும் வின்ச் மலிவாகக் கிடைக்கிறதே, அது போதாதா? 500 கிலோ என்று போட்டிருக்கிறார்கள்.

கப்பிக்கயிறு
போதாது. அந்த 500 கிலோ, சரிவில் உருண்டு வரும் படகை இழுப்பதற்கான எண். தலைக்கு மேல் தொங்கவிட அல்ல. சாதாரண டிரெய்லர் வின்சில் பல்சக்கரமும் அதில் விழும் கொக்கியும்தான் உண்டு. ஏற்றும்போது டக் டக் என்று பிடித்துக்கொள்ளும். இறக்கும்போது அந்தக் கொக்கியை நீங்களே தூக்கிவிட வேண்டும். அந்த நொடியிலிருந்து முழு எடையும் கைப்பிடியில். கை வழுக்கினால் கைப்பிடி காற்றாடியாகச் சுற்றி மணிக்கட்டை உடைக்கும், டாப் காரின் மேல் விழும்.

அடுத்தது பிரேக் வின்ச். கைப்பிடியை விட்டாலும் எடையை அதுவே பிடிக்கும். தலைக்கு மேல் தூக்க நல்ல சாதனம்தான். ஆனால் எம்எக்ஸ்-5 ஆட்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: இதன் பிரேக்கை இறுக்குவதே தொங்கும் எடை. அதனால் குறைந்தபட்ச எடை என்று ஒன்று கையேட்டில் இருக்கும், பெரும்பாலும் 25 முதல் 35 கிலோ. 20 கிலோ டாப்புக்கு அந்தப் பிரேக் ஒழுங்காகக் கவ்வாது. இறக்கும்போது திக்கித் திக்கி இறங்கும், இல்லாவிட்டால் கயிறு தளர்ந்து டிரம்மில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பெரிய வின்ச் வாங்கினால் பாதுகாப்பு கூடும் என்று நினைப்பது இங்கே தலைகீழ்.

மூன்றாவது வோர்ம் கியர் வின்ச். திருகு போன்ற தண்டு சக்கரத்தைச் சுற்றும். சக்கரத்தால் தண்டைத் திருப்பிச் சுற்ற முடியாது. லேசான எடையானாலும் நிறுத்திய இடத்தில் நிற்கும். மெதுவானது, ஆனால் இந்த வேலைக்கு மெதுவே நல்லது. டிரில் பொருத்திச் சுற்றும் முனை உள்ள மாடல்கள் உண்டு. பல்லில் கிரீஸ் காயக்கூடாது, வருடம் ஒருமுறை பாருங்கள். உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

எஸ்எல்129
மெர்சிடிஸ் ஆர்129 வைத்திருப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. 1989 முதல் 2001 வரை வந்த அந்த எஸ்எல்லின் (மெர்சிடிஸின் திறந்த கார் வரிசை) ஹார்ட்டாப் அலுமினியம், 33-34 கிலோ. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நாலு பூட்டு, நாலும் ஹைட்ராலிக். சாவி போட்டு சுவிட்சை அழுத்தினால் ஜன்னல் இறங்கி, பூட்டுகள் திறக்கும். அதன்பின் டாப் செங்குத்தாக மட்டும் மேலே வர வேண்டும். முன்பக்கம் முதலில், பின்பக்கம் பிறகு என்று தூக்கினால் பின் முனைகள் குழியில் சிக்கி, டாப் ஒரு பக்கம் எகிறிக் குதிக்கும். பின் ஃபெண்டர் மேல்பக்கக் கீறல்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. மாட்டும்போதும் அதே, நாலு முனையும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால்தான் பூட்டு இழுக்கும்.

இதற்கு முந்தைய ஆர்107 டாப் இரும்பு, 40 கிலோவைத் தாண்டும். ஆர்107க்கு பிரேக் வின்சின் குறைந்தபட்ச எடைப் பிரச்சினை வராது; ஆர்129க்கு வின்ச் கையேட்டில் உள்ள எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தச்சுப்பட்டறை
சீலிங் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். ஹாய்ஸ்ட் பெட்டியில் 200 கிலோ என்று இருக்கும். மேலே பிடித்திருக்கும் மரத்துக்கு அந்த எண் தெரியாது.

ட்ரஸ்ஸின் கீழ்க்கட்டை தரையைத் தாங்கும் ஜாய்ஸ்ட் (விட்டம்) அல்ல. கூரையின் எடையில் சுவர்கள் விரிந்துபோகாமல் இழுத்துப் பிடிப்பதே அதன் வேலை. கூடவே ட்ரைவாலும் காப்புப் பஞ்சும் தாங்கும். நடுவில் ஒரே புள்ளியில் எடை தொங்கவிட அதைக் கணக்குப் போடவில்லை. 20 கிலோ டாப், கப்பி, கயிறு எல்லாம் சேர்ந்து 30 கிலோவுக்குள் என்றால் மூன்று கட்டைகளுக்குப் பிரித்துவிட்டால் கவலையில்லை. ஜீப் அளவு எடை என்றால் ட்ரஸ் தெரிந்த எஞ்சினியரைக் கேட்காமல் மாட்டாதீர்கள். எந்த எடையானாலும் கட்டைகள் சேரும் இடத்தில் உள்ள பல் வைத்த இரும்புத் தகட்டைத் துளைக்கக்கூடாது, எந்தக் கட்டையையும் வெட்டக்கூடாது.

இன்னொன்று, எடை எப்போதும் எடையாகவே சீலிங்குக்குப் போவதில்லை. கயிறு கப்பியில் ஏறித் திரும்பி நேராகக் கீழே வந்து, அதை நீங்கள் கீழிருந்து இழுத்தால் கப்பி மாட்டிய இடத்தில் இரண்டு மடங்கு விழும்: 20 கிலோவுக்கு 40. கப்பியில் திரும்பிக் கிடைமட்டமாகச் சுவருக்குப் போனால் 1.41 மடங்கு, அதாவது 28 கிலோ. அதுவும் சாய்வாக இழுக்கும். நாலு முனை செட்டில் ஒவ்வொரு மூலைக் கப்பிக்கும் அந்த மூலையின் பங்கில் 1.41 மடங்கு மட்டும்தான். ஆனால் நாலு கயிறும் சேர்ந்து சுவரில் கீழே திரும்பும் கடைசிக் கப்பிக்கு மொத்த எடையின் 1.41 மடங்கு விழும். நல்ல போல்ட்டை அங்கே போடுங்கள்.

உங்கள் கராஜில் ட்ரஸ்கள் அநேகமாக அகலவாக்கில், ஒரு பக்கச் சுவரிலிருந்து மறு பக்கச் சுவருக்குப் போகும். அப்படியானால் கார் நீளவாக்கில் இரண்டு இரும்பு ஸ்ட்ரட் சேனல் (ஒரு பக்கம் திறந்த பெட்டிக்கம்பி), 41×41 மி.மீ., ஒவ்வொன்றும் 1.5 மீட்டராவது. ஒன்று டாப்பின் இடது விளிம்புக்கு மேல், ஒன்று வலது விளிம்புக்கு மேல். 1.5 மீட்டர் சேனல் மூன்று கட்டைகளைத் தொடும். ஒவ்வொரு கட்டையிலும் 8 மி.மீ. லேக் ஸ்க்ரூ (போல்ட் தலை வைத்த தடித்த மர ஸ்க்ரூ), 75 மி.மீ. நீளம்; ட்ரைவால் கனம் போக 50 மி.மீ.க்கு மேல் மரத்தில் இறங்க வேண்டும். கட்டையின் அகலம் 38 மி.மீ.தான். அதன் நடுவைக் கண்டுபிடிக்க மெல்லிய ஆணியால் இரு ஓரத்தையும் தேடிக் குறித்துக்கொண்ட பிறகு துளையிடுங்கள். முன்துளை இல்லாமல் ஏற்றினால் கட்டை பிளக்கும்.

சேனலில் ஒரு வசதி: கப்பியை முன்னும் பின்னும் நகர்த்திச் சரியான இடத்தில் இறுக்கலாம். நேராக மரத்தில் கண்வளையம் போட்டால் 5 செ.மீ. தவறினாலும் புதுத் துளைதான்.

ஸ்காபரோஜீப்
தச்சுப்பட்டறை அண்ணை சொன்னது சரி. ஜீப் ராங்கிளர் ஜேகே நாலு கதவு வச்சிருக்கிறவைக்கு: முன்னுக்கு இருக்கிற ரெண்டு சின்னப் பலகையையும் முதல் கழட்டி வையுங்கோ. மிச்சம் இருக்கிற பின்கூடு மட்டுமே 60 கிலோ சுற்றி வரும். கழட்டேக்க பின் இடது மூலையில வயர் கனெக்டரும் கண்ணாடி கழுவுற தண்ணிக் குழாயும் இருக்குது. போல்ட் எல்லாம் கழட்டிப்போட்டு இதை மறந்தால் ஹாய்ஸ்ட் அதை வேரோட பிடுங்கும். லாங்கே கம்பெனியின்ர ஹாய்ஸ்ட்-எ-டாப் இந்தக் கூட்டுக்கெண்டே செய்தது. ஒற்றை முனைத் தூக்கு, ஆனால் கூட்டைத் தாங்கிற சட்டம் அதோட வரும்.

நீலமியாட்டா தம்பிக்கு ஒரு விசயம். காரை எந்தப் பக்கம் பார்த்து விடுறீர்? பின்பக்கமா உள்ளுக்கு விட்டு, முன்பக்கமா வெளியில எடுக்கோணும். டாப்பின்ர முன்பக்கம் திறந்திருக்குது, பின்பக்கம் கண்ணாடிச் சுவர். கார் முன்னுக்குப் போகேக்க சீட்டும் தலைவைப்பும் அந்தத் திறந்த பக்கத்தால வெளியில வரும். பின்கண்ணாடி, பதிவா இருக்கிற டிக்கிக்கு மேலால போகும். கொஞ்சம் தூக்கினாலே காணும். ரிவேர்சில வெளியில எடுத்தால் விண்ட்ஷீல்ட் சட்டம் நேரா பின்கண்ணாடிக்கு வரும். டாப்பின்ர முழு உயரத்துக்கும் தூக்கோணும். ஜீப்பிலயும் இதே கதைதான். கூரை பதிவான கராஜில இது பெரிய வித்தியாசம்.

நீலமியாட்டா
இதை யோசிக்கவே இல்லை அண்ணா, நன்றி. அப்படியானால் கதவு திறந்திருக்கும்போது சீலிங்கில் படுக்கும் பலகைகள் இடிக்காதா?

தச்சுப்பட்டறை
முன்பக்கமாக உள்ளே விட்டால்தான் கட்டாயம் இடிக்கும்; அப்போது டாப் கதவுப் பக்கம் இருக்கும். பின்பக்கமாக விட்டால் பானட் கதவுப் பக்கம், டாப் உள்ளே தள்ளி வரும். 2.13 மீட்டர் உயரக் கதவு திறந்தால் அதைவிடச் சற்றுக் கூடுதலான ஆழத்துக்குச் சீலிங்கை மறைக்கும். கதவை முழுக்கத் திறந்து, கடைசிப் பலகையின் முனையிலிருந்து நூல்குண்டு தொங்கவிட்டுத் தரையில் கோடு போடுங்கள். டாப்பின் முன்விளிம்பு அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வரும்வரை காரைப் பின்னால் தள்ளுங்கள். அங்கேதான் ஹாய்ஸ்ட்.

நடுவில் ஓடும் மோட்டார் ரெயில் இன்னொரு தடை. நாலு முனை செட் என்றால் கயிறுகள் ரெயிலின் இரு பக்கமும் போய்விடும், டாப் மட்டும் ரெயிலுக்குக் கீழே நிற்கும். முன்பக்கமாக வெளியே எடுக்க அந்த உயரமே போதும். ஒற்றைக் கொக்கி மின் ஹாய்ஸ்ட் என்றால் அது உட்கார வேண்டிய இடத்திலேயே ரெயில் இருக்கும். மாற்று வழி, கதவின் ஸ்பிரிங் தண்டு முனையில், கதவுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டும் மோட்டார். அதற்கு ஆகும் செலவு ஹாய்ஸ்டை விட அதிகம்.

மூன்றாம்கியர்
மின் ஹாய்ஸ்டை எல்லாரும் ஒதுக்குவது ஏன்? ரிமோட் கையில், நின்ற இடத்திலிருந்து தூக்கலாமே.

எஸ்எல்129
ஒதுக்கவில்லை, வேகம்தான் தொந்தரவு. 100/200 கிலோ மாடல்களில் ஒற்றைக் கம்பியில் நிமிடத்துக்கு 10 மீட்டர் வேகம், விநாடிக்கு 16 செ.மீ.க்கு மேல். பூட்டில் டாப்பை உட்காரவைக்கும்போது தேவைப்படுவது மி.மீ. கணக்கில் நகர்த்தல். கூட வரும் கப்பிக் கொக்கியைப் போட்டுக் கம்பியை இரட்டையாக்கினால் வேகம் பாதி, 5 மீட்டர். அதுவும் சுவிட்சை விட்டதும் சற்று ஓடித்தான் நிற்கும். எனவே கடைசி 3-4 செ.மீ.யைச் சுவிட்சைத் தட்டித் தட்டி இறக்க வேண்டும்.

200 கிலோ என்பதே அந்த இரட்டைக் கம்பிக்குத்தான். ஒற்றைக் கம்பியில் 100. தொடர்ந்து ஓட்டவும் கூடாது. பலகையில் எஸ்3 20% 10 நிமிடம் என்று இருந்தால் 10 நிமிடத்தில் 2 நிமிடம்தான் ஓட்டலாம். ஒரு டாப்புக்கு அது தாராளம்.

கவனிக்க வேண்டியது தளர்ந்த கம்பி. டாப் காரில் உட்கார்ந்த பிறகும் இறக்கிக்கொண்டே போனால் டிரம்மில் கம்பி குலைந்து குறுக்கே விழும், அடுத்த ஏற்றத்தில் நசுங்கும். முழுக்க அவிழ்ந்து எதிர்த்திசையில் சுற்ற ஆரம்பித்தால் மேல் எல்லைச் சுவிட்ச் வேலை செய்யாது. டிரம்மில் எப்போதும் இரண்டு மூன்று சுற்று மிச்சம் வையுங்கள். என் கருத்து: ஆர்107 மாதிரி கனமான டாப், உயரமான சீலிங், கீழே நாலு முனைச் சட்டம், இப்படி இருந்தால் மின் ஹாய்ஸ்ட் நல்லது. 2.44 மீட்டரில் எம்எக்ஸ்-5க்கு வேண்டாம்.

கோடைச்சாலை
மாற்றுக் கருத்து ஒன்று. 20 கிலோ டாப்பை இரண்டு பேர் ஒரு நிமிடத்தில் கழற்றிவிடுவார்கள், வருடத்தில் இரண்டே முறை. சக்கரம் வைத்த ஸ்டாண்டில் நிறுத்தி மூடி வைத்தால் சீலிங்கைத் துளைக்கவே வேண்டாம். எம்எக்ஸ்-5, ஹோண்டா எஸ்2000 மாதிரி லேசான டாப்புக்கு ஹாய்ஸ்ட் வாங்குவது தூக்குவதற்காக அல்ல, தரை இடத்தை மிச்சம் பிடிக்கத்தான். தரையில் இடம் இருந்தால் ஸ்டாண்டே போதும்.

கப்பிக்கயிறு
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீலமியாட்டா கேட்டது தனி ஆள், ஒற்றைக் கராஜ். சரி, செட் செய்யும் முறை:

கயிறு 6 மி.மீ. பாலியெஸ்டர் பின்னல். நைலான் வேண்டாம், நீளும். நாலு மூலையும் நாலு விதமாக நீண்டால் டாப் சாயும். நாலு கயிறும் ஒரே இரும்பு வளையத்தில் முடிய வேண்டும், வளையத்திலிருந்து வின்சுக்கு ஒரே கயிறு. டாப் 70 செ.மீ. ஏற வேண்டுமானால் வளையம் நகரவும் 70 செ.மீ. வெற்றிடம் வேண்டும், கடைசி மூலைக் கப்பிக்கும் சுவர்க் கப்பிக்கும் இடையே அந்த நீளம் இருக்கிறதா என்று முதலிலேயே அளந்துகொள்ளுங்கள். ஏறிய பிறகு வளையம் கப்பியில் முட்டி நிற்பதுதான் இந்த செட்டுகளில் அதிகம் நடக்கும் தவறு.

டாப்பைத் தாங்க 50 மி.மீ. அகலப் பட்டை இரண்டு, குறுக்குவாட்டில். முன்பட்டை ஜன்னல் திறப்பு வழியாக, பின்பட்டை பின்விளிம்புக்கு அடியில். பட்டை ரப்பர் சீலில் நேரடியாக அழுத்தக்கூடாது. குழாய்க்காப்பு நுரையை நீளவாக்கில் கீறி விளிம்பில் மாட்டுங்கள். பின்பட்டை முன்னால் வழுக்காமல் இருக்க இரண்டு பட்டையையும் பக்கத்துக்கு ஒரு நீளப் பட்டையால் இணைத்துவிடுங்கள்.

கழற்றும் வரிசை: ஜன்னல் இரண்டையும் இறக்கு. பின்கண்ணாடிச் சூடேற்றி வயரைப் பிடுங்கு. பட்டைகளை மாட்டிக் கயிறு லேசாக விறைக்கும்வரை வின்ச் சுற்று. அதற்குப் பிறகுதான் முன் கொக்கி, பக்கக் கொக்கி, பின் பிடிப்பு. 2 செ.மீ. ஏற்றி நிறுத்து, நாலு மூலையையும் சுற்றிப் பார். தாழ்ந்த மூலை இருந்தால் திரும்ப இறக்கி அந்தக் கயிற்றின் முடிச்சைச் சுருக்கு. சமமாக வந்த பிறகே மேலே.

நீலமியாட்டா
தெளிவாகிவிட்டது. கோடை முழுக்க வின்சிலேயே தொங்கலாமா?

கப்பிக்கயிறு
கூடாது. தூக்குவது வின்ச், தாங்குவது வேறு. மேலே போனதும் சேனலிலிருந்து நாலு சங்கிலி. எடை அளவு அச்சிட்ட கொக்கிகளால் பட்டையின் நாலு முனையிலும் மாட்டி, வின்சை அரைச் சுற்று தளர்த்தி எடையைச் சங்கிலிக்கு மாற்றுங்கள். சாவிவளையத்துக்கு விற்கும் அலுமினியக் கொக்கி இதற்கு ஆகாது. மூடும் துணி காற்று போகும் துணியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் போட்டால் ஈரம் உள்ளேயே நின்று சீலும் டாப்பின் உள்பக்கத் துணியும் பூஞ்சை பிடிக்கும். மாட்டும் முன் ரப்பருக்கு சிலிகான் பூசினால் அக்டோபர் குளிரில் ஒட்டிக் கிழியாது.

தச்சுப்பட்டறை
ஸ்க்ரூ துளைகள் சீலிங்கின் ஈரத்தடுப்புத் தாளையும் ஓட்டை போடும். சேனலை இறுக்கும் முன் ஒவ்வொரு துளையிலும் அக்குஸ்டிக் சீலன்ட் (காற்று போகாமல் அடைக்கும் பசை) ஒரு பொட்டு வையுங்கள். வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் கார் புகை அந்த ஓட்டை வழியாகத்தான் மேலே போகும். 8 மி.மீ. ஸ்க்ரூவுக்கு முன்துளை 5.5 மி.மீ., நூலில் கொஞ்சம் மெழுகு தேய்த்து ஏற்றுங்கள்.